காலித் தொட்டிகள்

எங்கள் மொட்டைமாடியின் வடக்கு மூலையில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், பதினோரு மண் தொட்டிகள் வெறும் மண்ணோடு நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஐஸ் குச்சி. குச்சியில் பென்சிலால் எழுதிய கலேடியம் வகைப் பெயர்: கேண்டிடம், ரெட் ஃபிளாஷ், மிஸ் மஃபெட், கரோலின், அம்மா வீடு. பேனாவில் எழுதினால் இரண்டே மாதத்தில் வெயில் தின்றுவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.

துணி காயப்போட வந்த பக்கத்துப் போர்ஷன்காரர் போன வாரம் கேட்டார். “என்ன சார், செடி எல்லாம் போயிடுச்சா? தொட்டி சும்மாதானே இருக்கு, ரெண்டு குடுங்களேன். துளசி வைக்கணும்னு வீட்ல சொல்லிட்டே இருக்காங்க.”

சும்மா இல்லை சார், உள்ளே தூங்குது என்றேன். சிரித்துவிட்டுப் போனார். ஆனால் மறுநாளும் அந்தத் தொட்டிகளைத் தாண்டும்போது எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

2019 ஆகஸ்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு நர்சரியில் வண்டியை நிறுத்தினேன். அரளி வாங்கத்தான் போனது. பச்சை வலைக்குக் கீழே வரிசையாக, இதய வடிவ இலைகளோடு, நடுவில் ரத்தச் சிவப்பும் ஓரத்தில் பச்சையுமாக ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. இலை மேல் ரோஸ் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது. அங்கே வேலை பார்த்த பையனிடம் பெயர் கேட்டேன். “கலேடியம் சார். கலர் சேம்பு.” ஒன்று 120 ரூபாய். இரண்டு வாங்கினேன், அரளியை மறந்துவிட்டேன்.

நான் இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் இருப்பவன். ராயப்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷினில் தொடங்கி, இப்போது டிசைன் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நிறம் என்றாலே எனக்கு சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு பிளேட்தான். அந்த இலையைப் பார்த்ததும் கை தன்னால் பையில் லென்ஸைத் தேடியது. ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் எங்கே ஏறுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பது தொழில் புத்தி. சிவப்பு நரம்பைத் தாண்டி ரோஸ் கொஞ்சம் கசிந்திருந்தது. எங்கள் மெஷினில் அப்படி வந்தால் ரிஜிஸ்டர் அவுட் என்று அந்த ஷீட்டைத் தூக்கி ஓரமாகப் போடுவோம்.

அதெல்லாம் இருக்கட்டும். நான்கு மாதம் அந்த இரண்டு தொட்டியும் வீட்டுக்கே ஓர் அழகாக இருந்தன. டிசம்பரில் ஓர் இலை மஞ்சளானது. காம்பு துவண்டு, தொட்டி விளிம்பில் ஈரத்துணி மாதிரி தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினேன். அடுத்த இலையும் போனது. தண்ணீர் அதிகமோ என்று நிறுத்தினேன். அதற்கடுத்ததும் போனது. பொங்கலுக்கு முன்னால் இரண்டு தொட்டியிலும் மண்தான் மிச்சம். போகி அன்று வீட்டைச் சுத்தம் செய்த கையோடு இரண்டு தொட்டி மண்ணையும் கீழே கொண்டுபோய், கீழ்வீட்டு அம்மா வைத்திருக்கும் கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டினேன். தொட்டியில் புதினா வைத்தாயிற்று.

அந்த வருடம் ஜூனில் ஊரடங்கு. அச்சகம் பூட்டிக் கிடந்தது. வேலை இல்லாதவன் காம்பவுண்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, கறிவேப்பிலை மரத்தடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். மூன்று இலை. ஓரம் பச்சை, நடுவில் சிவப்பு, மேலே ரோஸ் பொட்டு. என் 240 ரூபாய்.

கீழ்வீட்டு அம்மா பின்னாலேயே வந்து, “பாத்தீங்களா தம்பி, யாரும் வைக்கல, காக்கா கீக்கா கொண்டாந்து போட்டிருக்கும் போல. என் கைராசி!” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவரே ஒரு டால்டா டப்பாவில் குட்டிக் கிழங்கு ஒன்றை மண்ணோடு வைத்து, “உங்களுக்குச் செடின்னா உசுராச்சே” என்று கொடுத்தார். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். ஐஸ் குச்சியில் ரெட் ஃபிளாஷ் என்று எழுதியிருப்பது அந்தச் செடிதான். இன்றுவரை அவருக்கு உண்மை தெரியாது.

அதற்கு அப்புறம்தான் இந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அமேசான் பக்கத்துக் காடு இதன் ஊர். அங்கே ஒரு மழைக்காலம், ஒரு வறண்ட காலம். மழையில் இலை விட்டு, கிடைத்த வெளிச்சத்தைக் கிழங்கில் சேர்த்து வைத்துக்கொண்டு, வறட்சி வந்ததும் மேலே இருப்பதை எல்லாம் உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் இருந்துவிடும். நம் வீட்டுச் சேனையும் கருணையும் செய்வது இதைத்தான். சேம்பு, சேனை, கருணை எல்லாம் இதற்குப் பங்காளிகள். சேனைத் தண்டு சாய்ந்தால் யாரும் செத்துப்போச்சு என்று சொல்வதில்லை, மண்வெட்டியை எடுக்கிறோம். அழகுச் செடி என்று தொட்டியில் வைத்ததும் அந்த அறிவு எனக்கு எங்கே போனதோ.

இத்தனைக்கும் நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம். எங்கள் வீட்டில் கிணற்றடிச் சக்கைமரத்தின் கீழே (பலாவுக்கு எங்கள் ஊரில் சக்கை) இந்தச் செடி காடாக நிற்கும். வெள்ளையில் பச்சை நரம்போடும், பச்சையில் சிவப்புப் புள்ளியோடும் இரண்டு வகை. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. கோடையில் காணாமல் போகும், சித்திரை வைகாசியில் நாலு மழை விழுந்ததும் முளைக்கும், எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்போது முழங்கால் உயரத்துக்கு நிற்கும். சின்ன வயதில் அதை ஒரு செடியாகவே மதித்ததில்லை. ஆட்டுக்கும் ஆகாது, கறிக்கும் ஆகாது. 120 ரூபாய்க்கு வாங்கினேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “திங்கவும் ஆவாத சேம்ப வெல குடுத்தா மக்ளே வாங்கின?” என்றாள்.

அம்மா சொன்னதில் ஒரு விஷயம் முக்கியம். திங்க ஆகாது. சேம்பு இலை மாதிரியே இருக்கிறதே என்று யாரும் கூட்டு வைத்துவிடக் கூடாது. இலை, காம்பு, கிழங்கு எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது. வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். சேப்பங்கிழங்கைப் புளி விட்டு வேகவைத்து அரிப்பை அடக்குகிற வித்தையெல்லாம் இதனிடம் வேண்டாம். தவழும் குழந்தையோ, இலையைக் கடிக்கும் பூனையோ நாயோ வீட்டில் இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். கிழங்கை வெட்டும்போது எனக்கு விரல் இடுக்கில் அரிப்பு வரும். இப்போதெல்லாம் பால் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டுதான் வெட்டுகிறேன்.

வெட்டுவது எதற்கு என்கிறீர்களா? அதுதான் இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

மார்ச் கடைசியில், பழைய செய்தித்தாள் பொட்டலத்திலிருந்து கிழங்குகளை வெளியே எடுப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் சின்னக் கருணைக்கிழங்கு மாதிரி, மண் நிறத்தில், மேலெல்லாம் வேர் உதிர்ந்த தழும்போடு இருக்கும். விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். அமுங்கினால் அந்த இடம் அழுகல். மேல்பக்கத்தில் நடுவில் ஒரு பெரிய முளை, சுற்றிலும் சின்னச் சின்ன முளைகள். நடு முளையை அப்படியே விட்டால் அதுவே முந்திக்கொண்டு வரும், நாலைந்து பெரிய இலை விட்டு நிற்கும். மற்ற முளைகள் வாய் திறக்காது. கூட்டுக்குடும்பத்தில் மூத்தவர் பேசும்போது மற்றவர்கள் இருப்பதுபோல. பேனாக்கத்தியின் நுனியால் அந்த நடு முளையை மட்டும் ஒரு மிளகு அளவுக்குத் தோண்டி எடுத்துவிட்டால், சுற்றி இருப்பவை எல்லாம் கிளம்பும். இலை கொஞ்சம் சின்னதாகும், ஆனால் தொட்டி நிறைந்துவிடும். வெட்டிய வாயில் அடுப்புச் சாம்பலோ மஞ்சள்தூளோ தொட்டு, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு நடுவேன்.

முதல் தடவை இதைச் செய்தபோது கை நடுங்கியது. நன்றாக இருக்கும் முளையைக் கத்தியால் குத்தி எடுப்பது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு மிஸ் மஃபெட் தொட்டியில் இருபத்திரண்டு இலை எண்ணினோம். இளம்பச்சையில் செம்மண் தெறித்த மாதிரிப் புள்ளி போட்ட குள்ள வகை அது. எட்டு அங்குலத் தொட்டியில் விளிம்பே தெரியவில்லை.

நடும்போது இரண்டு அங்குல ஆழம். இதில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற கிழங்குகளைப் போல அடிப்பக்கத்தில் வேர் வரும் என்று எண்ணிக் கிழங்கின் தலையை மண்ணுக்கு வெளியே விடக் கூடாது. இதற்கு வேரும் மேல்பக்கத்திலிருந்துதான், முளையைச் சுற்றித்தான் வரும். மேலே மண் இல்லாவிட்டால் வேர் பிடிக்க இடமில்லை. எது மேல் எது கீழ் என்று சில கிழங்கில் தெரியவே தெரியாது. அப்படியானால் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடுங்கள். தலைகீழாக வைத்தாலும் சுற்றிக்கொண்டு வந்துவிடும், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

என் மண் கலவை ஒன்றும் ரகசியம் இல்லை. செம்மண் ஒரு பங்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு, தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் இறங்க வேண்டும், ஆனால் உடனே காய்ந்துவிடவும் கூடாது. உரத்தில் மட்டும் கை தாராளமாக இருக்கக் கூடாது. ஒருமுறை கத்தரிக்குப் போட்ட கையோடு இதற்கும் யூரியா தூவினேன். செடி கொழுகொழுவென்று வந்தது. ஆனால் கரோலின் இலையின் ரோஸ் எல்லாம் மங்கி, பச்சை ஏறிவிட்டது. தழைச்சத்து மிஞ்சினால் பச்சையம் கூடுகிறது, நிறம் அடியில் போய்விடுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், பச்சையைத் தரும் சியான், மஞ்சள் பிளேட்டுகளுக்கு மை அதிகமாக ஓடிவிட்டது.

நட்ட பிறகு மூன்று வாரம் முதல் ஆறு வாரம்வரை ஒன்றும் நடக்காது. மண் வெதுவெதுப்பாக, 21 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். அமெரிக்கக்காரர்கள் இதற்காகப் பனி முடியும்வரை காத்திருக்கிறார்கள், வீட்டுக்குள் சூடேற்றும் பாய் விரித்து அதன்மேல் தொட்டி வைக்கிறார்கள். சென்னையில் ஏப்ரல் மாதத்தில் மண்ணுக்குச் சூடு போதவில்லை என்று யாரும் புகார் சொல்லப் போவதில்லை. நமக்கு இருக்கிற கஷ்டம் வேறு: பொறுமை. நான் தோண்டிப் பார்க்கிற ஆள். தோண்டிப் பார்த்ததில் போன வருடம் மட்டும் இரண்டு முளையை ஒடித்திருக்கிறேன். அந்த முளை ஊசி மாதிரி கூராக, ரோஸ் நிறத்தில், தொட்டாலே உடைகிற பதத்தில் இருக்கும். இப்போது தொட்டிப் பக்கம் போகும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் தண்ணீரும் அளவாகத்தான். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். முதல் இலை விரிந்த பிறகு கதை மாறும், அப்போது தினமும் கேட்கும்.

முதல் இலை விரிவதை ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காம்பின் நுனியில் பீடாவுக்குச் சுருட்டிய வெற்றிலை மாதிரி இறுக்கமாகச் சுருண்டு மேலே வரும். காலையில் சுருள். மத்தியானம் ஓரம் கொஞ்சம் பிரியும். மறுநாள் விடியும்போது பாதி திறந்திருக்கும், நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். பனி இல்லை அது. இரவில் வேர் இழுத்த தண்ணீர் மிஞ்சி இலை நுனி வழியாக வெளியே வருகிறது. கேண்டிடம் இலையை இந்த நிலையில் சூரியனுக்கு எதிராகப் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் விரல் தெரியும். பழைய காலத்தில் பிளேட் போடுவதற்கு நாங்கள் பாசிட்டிவ் எடுத்த பட்டர் பேப்பர் அப்படித்தான் இருக்கும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் பச்சையம் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் இந்த வெள்ளை இலைகள் வெயிலுக்கு முதலில் பலியாகின்றன.

கேண்டிடம் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் ஆல்ஃபிரட் ப்ளூ என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலேடியங்களைக் கலப்பினம் செய்து புதுப்புது வகைகளாக உருவாக்கினார். 1868இல் வந்த வகை இது. நூற்றைம்பது வருடம் தாண்டியும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. வெள்ளை இலை, பச்சை நரம்பு, அவ்வளவுதான். பகலில் பார்த்தால் ரெட் ஃபிளாஷ் பக்கத்தில் ஏழையாகத் தெரியும். மாலை ஆறரைக்கு மேல் பாருங்கள். சிவப்பெல்லாம் கறுத்துப் போய்விடும், இது மட்டும் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி நிற்கும். மாடிப்படி ஏறி வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இப்போது உலகத்துக்குக் கலேடியம் கிழங்கு போவதில் பெரும்பங்கு அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் லேக் ப்ளாசிட் என்ற சின்ன ஊரிலிருந்து. உலகக் கலேடியம் தலைநகர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், கோடையில் திருவிழாவும் நடத்துகிறார்கள். அந்த வயல்களை மேலிருந்து எடுத்த படங்கள் உண்டு: வெள்ளை, சிவப்பு, ரோஸ் என்று நீள நீளமாகப் பட்டைகள், நிறம் சரிபார்க்க நாங்கள் ஷீட் ஓரத்தில் போடும் கலர் பார் மாதிரி. குளிர்காலத்தில் கிழங்கைத் தோண்டி, உலர்த்தி, பருமன்படி தரம் பிரிக்கிறார்கள். ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டரை வரை முதல் நம்பர், அதற்கு மேல் ஜம்போ, அதற்கும் மேல் மாமத். கிழங்கு பெரிதானால் முளை அதிகம், முளை அதிகமானால் இலை அதிகம். நம் ஊரில் யாரும் அளந்து விற்பதில்லை, அதனால் செடியாக வாங்குவதே நல்லது. இலையைப் பார்த்து வாங்கலாம்.

விதை வாங்கவே வாங்காதீர்கள். இதை நான் தொழில்முறையில் சொல்கிறேன். இணையத்தில் நீலக் கலேடியம், வானவில் கலேடியம் என்று நூறு விதை 99 ரூபாய்க்கு விற்கிறார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோஸ் கலேடியத்தின் படத்தை எடுத்து, ஃபோட்டோஷாப்பில் நிறத்தை மாற்றும் ஹ்யூ பட்டையை நீலம் பக்கம் இழுத்திருக்கிறார்கள். இலையோடு சேர்ந்து பின்னால் இருந்த செங்கலும் லேசாக நீலமாகிவிட்டது, அதை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. நீல நிறக் கலேடியம் என்று ஒன்று கிடையாது. உண்மையான விதையாகவே இருந்தாலும் தாய்ச்செடியின் நிறத்தில் பிள்ளை வராது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக வரும். புது வகை உருவாக்குகிறவர்களுக்குத்தான் அது ஆகும். அதே நிறம் வேண்டுமானால் கிழங்கைப் பிரித்து நடுவது ஒன்றே வழி.

விதை என்றதும் பூ ஞாபகம் வருகிறது. ஆமாம், பூக்கும். வெளிறிய பச்சையும் வெள்ளையுமாக ஒரு மடல், நடுவில் ஒரு குச்சி, சேம்புப் பூ மாதிரியேதான். அதன் சொந்தக் காட்டில் அந்தக் குச்சி மாலையில் தானே சூடாகி வாசனை விடும், ஒருவகை வண்டு வந்து ராத்திரி முழுக்க அந்த மடலுக்குள் தங்கி மகரந்தத்தைப் பூசிக்கொண்டு போகும். அந்த வண்டு ராயப்பேட்டைப் பக்கம் வருவதில்லை. பூவை வைத்திருந்தால் கிழங்கின் சத்துதான் வீண் என்று கிள்ளிவிடச் சொல்கிறார்கள். நான் வருடத்துக்கு ஒன்றை மட்டும் விட்டுவைப்பேன்.

வெளிச்சம் விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் தப்புச் செய்திருக்கிறேன். முதலில் ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். காம்பு ஒட்டகக் கழுத்து மாதிரி நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து, ஒருநாள் தொட்டியோடு கவிழ்ந்தது. சரி என்று மாடியில் முழு வெயிலில் வைத்தேன். மே மாத வெயிலில் கேண்டிடம் இலை பொரித்த அப்பளமாகிவிட்டது, நடுவில் பழுப்பாக ஓட்டை. இப்போது வைத்திருக்கும் இடத்தில் காலை எட்டரை வரை இளவெயில் வரும், அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அதுவே சரியாக இருக்கிறது. ஈட்டி மாதிரி நீள இலை கொண்ட வகைகள் இதைவிடக் கொஞ்சம் கூடுதல் வெயிலைத் தாங்கும். அகன்ற இதய இலைகள் தாங்காது.

தொட்டியைவிட நிலத்தில் வேலை குறைவு. அம்மா வீட்டில் யாரும் எதுவும் செய்வதில்லை. போன ஜூலையில் போனபோது கிணற்றடியில் உட்கார்ந்து ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். மரநிழல், ஆனால் இடையிடையே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுகிறது. சக்கை இலை உதிர்ந்து மக்கி, மண்ணின் மேல் ஒரு சாண் கனத்துக்கு மெத்தை. சரிவான இடம், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. கிழங்குக்குக் கிழங்கு ஓர் அடி இடைவெளி, அதை யாரும் அளக்கவில்லை, அவையே எடுத்துக்கொண்டன. நான் மாடியில் தொட்டி, வலை, கலவை என்று பாடுபட்டுச் செய்ய முயல்வது எல்லாம் அங்கே சும்மா கிடக்கிறது. உங்கள் வீட்டு நிலத்தில் அந்த மரநிழலும் சரிவும் இருந்தால் தொட்டியே வேண்டாம்.

மாடியில் எனக்குப் பெரிய அடி 2023 டிசம்பரில் விழுந்தது. மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் கொட்டியதைச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, குடிநீருக்கே அலைந்தோம், மாடிக்கு யார் போவது? அழகுக்காக ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தேன். நாலாவது நாள் ஏறிப் பார்த்தால் எல்லாத் தட்டும் குளம். தொட்டியைச் சாய்த்ததும் வந்த நாற்றம் அழுகிய உருளைக்கிழங்கு மூட்டையின் நாற்றம். ஒன்பது கிழங்கில் ஆறு விரலோடு ஒட்டிக்கொண்டு கூழாக வந்தன. கேண்டிடம் ஒன்று, அம்மா வீட்டுச் செடி ஒன்று, கீழ்வீட்டு அம்மா கொடுத்தது ஒன்று, மூன்றுதான் தப்பித்தது. இப்போது இருப்பதில் பாதிக்கு மேல் அதற்கப்புறம் சேர்த்தது. தட்டுகளை எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். இப்போது நவம்பர் நடுவிலேயே, இலை கொஞ்சம் இருந்தாலும், தொட்டிகளைப் படுக்கவைத்து மழை படாத படிக்கட்டு இடுக்குக்குத் தள்ளிவிடுகிறேன்.

இலை விழுந்த பிறகு சிலர் கிழங்கைத் தொட்டியிலேயே விடுவார்கள். பெரிய கிழங்கு அப்படித் தாங்கும். சின்னவை வறண்டு மிளகாய் வற்றல் ஆகிவிடும். அதனால் நான் எடுத்து, மண்ணைத் தட்டி, கழுவாமல், ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, அச்சகத்துக் கழிவுக் காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைக்கிறேன். எங்கள் பைண்டிங் நண்பர் ஒருவர், வீடியோ பார்த்துவிட்டுக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தார். அது வேறு ஏதோ குளிர்தேசத்துக் கிழங்குக்குச் சொன்னது. கலேடியம் 15 டிகிரிக்குக் கீழே போனாலே கெட்டுவிடும். அவர் மார்ச்சில் எடுத்தபோது எல்லாம் நீர்விட்டுப் போயிருந்தன.

புழுவை மறந்துவிட்டேன். ஆகஸ்டில் ஒருநாள் காலையில் ரெட் ஃபிளாஷில் இரண்டு இலை இல்லை. காம்பு மட்டும் நின்றது. அடியில் மிளகு மிளகாகக் கரும்பச்சை எச்சம். இலைக்குப் பின்னால் சுண்டுவிரல் கனத்தில் ஒரு புழு, வால் பக்கத்தில் ஒரு கொம்பு, தலைப்பக்கம் இரண்டு பொய்க்கண். மல்லிகைப் பந்தலில் மாலை நேரத்தில் அந்தரத்தில் நின்று தேன் குடிக்குமே, அந்த அந்துப்பூச்சியின் பிள்ளை. சேம்புக் குடும்பம் என்றால் அதற்கு விருந்து. மருந்து அடிக்க மனம் வரவில்லை. இலையோடு கிள்ளி, தெருமுனைக் கால்வாய் ஓரம் தானாக முளைத்திருக்கும் காட்டுச்சேம்பில் கொண்டுபோய் விட்டேன். பால் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் என்ன சார் கையில் என்று கேட்டார்கள்.

நேற்று ஞாயிறு. காலையில் அம்மா போன் செய்தாள். ஊரில் மூன்று நாளாக மழையாம். பேச்சோடு பேச்சாக, “கெணத்தடியில ஒன் சேம்பெல்லாம் மொளச்சாச்சு மக்ளே” என்றாள். எப்போது முதல் அது என் சேம்பு ஆனது என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தேன். ‘அம்மா வீடு’ என்று எழுதிய குச்சிக்குப் பக்கத்தில் மண் லேசாக வெடித்திருந்தது. வெடிப்பின் நடுவில் ரோஸ் நிறத்தில் ஓர் ஊசிமுனை. மற்ற பத்தும் அப்படியேதான் இருக்கின்றன. பக்கத்துப் போர்ஷன்காரர் துணி எடுக்க வந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, நிறைய நேரம் பார்த்தார்.

“எங்க சார்?” என்றார்.